மரத்துக்கும் புல்லுக்கும் நடுவே: கண்டிச் சரிவுகளைக் காக்கும் செடிகள்

கண்டியில் 10 பேர்ச்சஸ் காணி வைத்திருப்பவரின் நிலத்தில் ஓர் ஆண்டில் எவ்வளவு மழை விழுகிறது? கணக்கு எளிது. ஒரு பேர்ச்சஸ் ஏறத்தாழ 25 சதுர மீற்றர். 10 பேர்ச்சஸ் என்றால் 250 சதுர மீற்றர். கண்டியின் ஆண்டு மழை சராசரியாக 2000 மில்லிமீற்றரை ஒட்டியது. ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர் தண்ணீர். பெருக்கிப் பார்த்தால் 5 இலட்சம் லீற்றர். இதில் பெரும்பங்கு தென்மேற்குப் பருவமழையிலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் இடிமழையிலும் கொட்டிவிடும். ஒரே மாலையில் 50 மில்லிமீற்றர் பெய்தால் அந்தச் சிறு காணிக்குள் 12,500 லீற்றர் தண்ணீர் வந்து விழுகிறது.

சமதரையில் குடியிருப்பவர்களுக்கு இது வடிகால் பற்றிய கவலை. ஹந்தான மலையடிவாரத்திலும் அம்பிட்டியவிலும் கட்டுகஸ்தோட்டைக்கு மேலேயும் சரிவை வெட்டி வீடு கட்டியவர்களுக்கோ இது மண்ணைப் பற்றிய கவலை. சில வேளைகளில் உயிரைப் பற்றிய கவலை. இந்தச் சரிவுகளில் விழும் தண்ணீர் கடைசியில் மகாவலிக்குத்தான் போகிறது. போகும்போது மண்ணையும் கூட்டிச் செல்கிறது. கண்டிக்குச் சற்றுக் கீழே 1976இல் செயற்படத் தொடங்கிய பொல்கொல்ல நீர்த்தேக்கத்தின் கொள்ளளவில் ஏறத்தாழ 44 சதவீதத்தை 1988க்குள்ளேயே வண்டல் அடைத்துவிட்டது. மேலேயுள்ள தேயிலை, புகையிலை, மரக்கறி நிலங்களிலிருந்து வந்த மண் அதில் அதிகம். ஆனாலும் வீட்டு வளவுகள் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கவில்லை.

இன்று கண்டியில் புதிதாகக் கட்டப்படும் பல வீடுகளைச் சுற்றி மூன்று பொருட்களே தெரிகின்றன: கொங்கிறீற்று அல்லது இன்டர்லொக் கல், வெட்டிவிடப்பட்ட புல்தரை, ஓரத்தில் ஒரு மாமரமோ பலாமரமோ. மரத்துக்கும் புல்லுக்கும் நடுவே இருக்கவேண்டிய செடிகளின் அடுக்கு காணாமற்போய்விட்டது. மலைநகர் ஒன்றின் வீட்டுத் தோட்டத்தில் அதிக வேலை செய்வது அந்த அடுக்குத்தான். அதை மீட்டெடுக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

மழைத்துளியின் வேகம்

மண் அரிப்பு என்றதும் ஓடும் தண்ணீர்தான் நினைவுக்கு வரும். ஆனால் அரிப்பின் முதற்படி துளி விழும் கணத்திலேயே நடந்துவிடுகிறது. 5 மில்லிமீற்றர் விட்டமுள்ள பெருந்துளி ஒன்று விநாடிக்கு ஏறத்தாழ 9 மீற்றர் வேகத்தில் நிலத்தை அடிக்கிறது. வெற்று மண்ணில் அந்த அடி விழுந்ததும் மண்கட்டி உடைந்து, துகள்கள் நாற்புறமும் தெறிக்கின்றன. உடைந்த நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்துக்கொள்கின்றன. அதன்பின் தண்ணீர் உள்ளே இறங்க வழியில்லாமல் மேற்பரப்பில் ஓடத் தொடங்குகிறது. மழை விட்ட பிறகு வெள்ளைச் சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். ஒரு முழ உயரத்துக்குச் செம்மண் தெறித்திருந்தால் அந்த முற்றத்தில் இந்த வேலை நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

மரம் இருந்தால் போதாதா? இங்கேதான் பலர் எதிர்பாராத ஒன்று இருக்கிறது. உயரமான மரத்தின் இலைகளில் தங்கும் மழை சிறு துளிகள் ஒன்றுசேர்ந்து பெருந்துளியாகித்தான் சொட்டுகிறது. 8 மீற்றர் உயரத்திலிருந்து விழும் அத்தகைய துளி, நிலத்தை எட்டுவதற்குள் தன் முழு வேகத்தையும் கிட்டத்தட்ட அடைந்துவிடும். அடியில் செடியோ சருகோ இல்லாத உயர்ந்த மரத்தின் கீழ், திறந்தவெளியை விடவும் பலமான அடி மண்ணில் விழக்கூடும். அதே துளி அரை மீற்றர் உயரமுள்ள செடியின் இலையிலிருந்து சொட்டினால் அதன் வேகம் விநாடிக்கு 3 மீற்றர் மட்டுமே. அடியின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், மண் வாங்கும் அடி ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. செடியின் அடியில் சேரும் சருகு மிச்சத்தையும் தாங்கிக்கொள்கிறது. மண்புழுவும் வேரும் துளைத்த வழிகளில் தண்ணீர் மெதுவாக உள்ளே இறங்குகிறது.

மத்திய மலைநாட்டின் பழைய கிராமங்கள் இந்த அமைப்பைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்திருக்கின்றன. கண்டிய வீட்டுத்தோட்டம் என்று உலகெங்கும் வேளாண் காடு பற்றிப் படிப்பவர்கள் அறிந்திருக்கும் தோட்டம் இதுவே. மேலே தென்னை, கித்துள், பலா, கமுகு. அதற்குக் கீழே கராம்பு, சாதிக்காய். மரங்களைப் பற்றி ஏறும் மிளகு. அடுத்து கோப்பி, கறிவேப்பிலை போன்ற செடிகள். தரையில் இஞ்சி, மஞ்சள், வல்லாரை. மழை ஒவ்வொரு அடுக்காக இறங்கித்தான் நிலத்தைத் தொடுகிறது. காணி 10 பேர்ச்சஸாகச் சுருங்கிவிட்ட நகரத்தில் தென்னைக்கும் பலாவுக்கும் இடமில்லாமல் போகலாம். செடி அடுக்குக்கு மட்டும் எப்போதும் இடம் உண்டு.

வேர் எவ்வளவு தாங்கும்?

செடி வேர்கள் மேல்மண்ணை வலைபோல் பிடித்துக்கொள்கின்றன. ஒரே ஆணிவேரை நம்பி நிற்பதைவிட, பல தண்டுகளோடு கிளைத்து வளரும் செடியின் வேர்த்தொகுதி மேல் மண்ணில் அடர்த்தியாகப் படர்கிறது. கூடவே மண்ணிலிருந்து நீரை உறிஞ்சி இலைவழியாக வெளியேற்றுவதால் அடுத்த மழைக்கு மண்ணில் இடம் உண்டாகிறது. பெரிய மரத்தின் பாரமும் காற்றில் அது ஆடும்போது மண்ணை நெம்பும் விசையும் செடியில் இல்லை. வெட்டிய மண்சுவரின் விளிம்பில் இது பெரிய நன்மை.

ஆனால் ஓர் எல்லையைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். செடி வேர்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு மீற்றர் ஆழத்துக்குள் நின்றுவிடுகின்றன. அந்த ஆழத்துக்குட்பட்ட அரிப்பையும் சிறு மண்சரிவையும் அவற்றால் கட்டுப்படுத்த முடியும். பல மீற்றர் ஆழத்தில் மலையே நகரும் பெருஞ்சரிவை எந்தச் செடியாலும் நிறுத்த முடியாது. 2016 மே மாதத்தில் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் நடந்தது அந்த வகை. வீட்டின் பின்புறச் சரிவில் புதிய வெடிப்பு, மரங்கள் திடீரெனச் சாய்தல், இல்லாத இடத்தில் ஊற்றெடுத்தல், ஊற்றுநீர் கலங்கி வருதல் ஆகியவற்றைக் கண்டால் செடி நடுவதைப் பற்றி யோசிக்காமல் உடனே வெளியேறி, கிராம உத்தியோகத்தருக்கும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் அறிவிக்க வேண்டும். செங்குத்தாக மலையை வெட்டிவிட்டு அதன்மேல் செடி நட்டால் சரியாகிவிடும் என்று நம்புவதும் ஆபத்து.

அந்த எல்லைக்குள் செடிவரிசை செய்யும் வேலை பெரிது. பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில் 1970களில் உருவான சரிவுநில வேளாண் முறை, மேல் மகாவலி நீரேந்து பகுதியிலும் கையாளப்பட்டது. ஒரே மட்டத்தில் சரிவுக்குக் குறுக்காகக் கிளிசிறிடியாவை இரட்டை வரிசையில் நெருக்கமாக நடுவதே அதன் அடிப்படை. மேலிருந்து வரும் மண் வரிசையில் தடுக்கப்பட்டுத் தங்க, சில ஆண்டுகளில் தானாகவே படிக்கட்டுப் போன்ற தளங்கள் உருவாகின்றன. வெட்டிய இலை தழைச்சத்து நிறைந்த பசளை. தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்து இலங்கையின் நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவிக்கப்பட்டது இந்தக் கிளிசிறிடியாதான். விட்டால் மரமாகிவிடும், ஆண்டுக்குச் சில முறை வெட்டினால் செடியாகவே நிற்கும்.

வெயிலும் வீதிப் புகையும்

ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 0.68 கிலோவாற்று மணி வெப்பம் வேண்டும். நன்கு தழைத்த செடிப்பரப்பு வெயில் நாளில் சதுர மீற்றருக்கு 3 லீற்றர் அளவில் நீரை ஆவியாக்கும். 10 சதுர மீற்றர் செடிவேலி என்றால் 30 லீற்றர். அது சுற்றுப்புறத்திலிருந்து இழுத்துக்கொள்ளும் வெப்பம் 20 கிலோவாற்று மணிக்கு மேல். ஈரப்பதம் மிகுந்த கண்டிக் காற்றில் இந்தக் குளிர்ச்சி காற்றோடு கலந்து போய்விடும் என்பதால், வீட்டுக்காரர் நேரில் உணரும் பயன் நிழலில்தான் கூடுதலாகக் கிடைக்கிறது. மேற்குச் சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி ஆள் உயரச் செடிகளை நட்டால், மாலை வெயில் சுவரில் படாது. இரவில் அறைக்குள் சுவர் கக்கும் சூடும் குறையும். அந்த இடைவெளியை விடாமல் சுவரோடு ஒட்டி நட்டால் ஈரமும் பாசியும் கறையானும் சேரும்.

கண்டி நகரம் மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் இருப்பதால் வாகனப் புகை எளிதில் வெளியேறுவதில்லை. குளிர்ந்த காற்று தாழ்வில் படிந்துகொள்ளும் காலைகளில் நிலைமை இன்னும் மோசம். இங்கிலாந்தின் சரே பல்கலைக்கழகத்தில் பிரசாந்த் குமார் தலைமையிலான ஆய்வுக்குழு, கட்டிடங்கள் நெருங்கிய தெருக்களில் உயர்ந்த மரங்களை விடத் தாழ்ந்த செடிவேலிகளே நடப்பவர்களின் மூச்சுக்குப் போகும் புகையைக் குறைக்கின்றன என்று காட்டியது. காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியது. புகைக்குழாய் இருப்பது தரைமட்டத்தில். பிள்ளைகள் மூச்சுவிடுவது அதற்குச் சற்று மேலே. நிலம்வரை இலை நெருங்கிய வேலி அந்த உயரத்தில் குறுக்கே நிற்கிறது. மரத்தின் விரிந்த கூரையோ புகையைக் கீழேயே அடைத்து வைத்துவிடக்கூடும். வீதியோர வீடுகளுக்கும் பாடசாலைகளுக்கும் இது பொருந்தும் செய்தி. இரைச்சலைப் பொறுத்தவரை ஒற்றை வரிசைச் செடி பெரிதாக எதுவும் செய்யாது. வாகனம் கண்ணுக்குத் தெரியாமல் போவதால் மனத்துக்கு மட்டும் ஆறுதல் கிடைக்கும்.

பூவும் புழுவும்

ஹந்தானச் சரிவுகளில் ஊதாநிறப் பூக்களோடு நிற்கும் ஹீன் போவிட்டியாவைப் பலரும் கண்டிருப்பார்கள். சிங்கள வைத்தியத்தில் ஈரல் நோய்க்குப் பேர்பெற்ற செடி அது. அதன் பூவைக் கிட்டப் போய்ப் பாருங்கள். நான்கு இதழ்களுக்கு நடுவே எட்டு மகரந்தக் கேசரங்கள். மகரந்தப் பைகள் மற்றப் பூக்களில் போல நெடுக வெடிப்பதில்லை. நுனியில் ஊசித்துளை மாத்திரமே. சும்மா வந்து உட்காரும் பூச்சிக்கு மகரந்தம் கிடைக்காது. கருவண்டோ நீலப்பட்டைத் தேனீயோ வந்து, பூவைக் கால்களால் இறுகப் பற்றிக்கொண்டு, சிறகடிக்காமல் மார்புத் தசைகளை மட்டும் அதிரவைக்கும். அந்த ரீங்காரத்தை ஓரடி தூரத்தில் நின்றே கேட்கலாம். அதிர்வில் மகரந்தம் துளைவழியே கொட்டி வண்டின் வயிற்றில் படியும். நாம் பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது.

இதனால் வீட்டுக்கு என்ன பயன்? தக்காளி, கத்தரிப் பூக்களிலும் மகரந்தம் இதேபோல் துளைக்குள்தான் இருக்கிறது. அதிரவைக்கும் வண்டுகள் வந்தால் அவற்றில் காய் நன்றாகப் பிடிக்கும். கத்தரி பூக்காத மாதங்களிலும் அந்த வண்டுகளுக்கு உணவு கொடுத்துச் சுற்றுவட்டாரத்தில் வைத்திருக்கப் போவிட்டியா போன்ற பூச்செடி வேலியோரம் வேண்டும்.

கறிவேப்பிலைச் செடியில் இன்னொரு நாடகம் நடக்கிறது. இலைமேல் பறவையின் எச்சம் போலக் கருப்பும் வெள்ளையுமாகக் கிடக்கும் சிறு பொருள் உண்மையில் வண்ணத்துப்பூச்சியின் இளம் புழு. வளர்ந்த பிறகு இலைப்பச்சைக்கு மாறிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரு கிளைகளாகப் பிரிந்த கொம்பை நீட்டிக் காரமான வாடையை விடும். கறிவேப்பிலை, எலுமிச்சை வகைகளை மட்டுமே தின்னும் இந்தப் புழுக்களுக்கு நாலைந்து கிளைகளை விட்டுக்கொடுத்தால் செடி செத்துப்போகாது, மறுபடியும் தளிர்விடும். பூச்சிமருந்து அடித்தால் வண்ணத்துப்பூச்சியும் போகும், நம் கறிச்சட்டிக்குள் மருந்தும் வரும். வெட்சியின் செங்கொத்துகளுக்குத் தேன்சிட்டும், நெருங்கிய கிளைகளுக்குள் கூடுகட்டக் கொண்டைக்குருவியும் தாமாகவே வந்து சேரும்.

மருந்துச் செடிகளுக்கும் வேலியில் இடம் உண்டு. ஆடாதோடையை ஆடுமாடு தின்பதில்லை என்பதால் அது பழங்காலந்தொட்டே வேலிச்செடி. அதிலுள்ள வாசிசின் என்ற பொருளை அடிப்படையாக வைத்தே, சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் என்ற நவீன மருந்து உருவாக்கப்பட்டது. கருவைப் பாதிக்கக்கூடியது என்பதால் கர்ப்பிணிகள் ஆடாதோடைக் கசாயத்தைத் தவிர்க்க வேண்டும். நொச்சியின் காய்ந்த இலைகளைத் தானியத்தில் போட்டுப் பூச்சியைத் தடுத்தவர்கள் நம் முன்னோர்.

கோப்பி தந்த பாடம்

கண்டியின் மலைகள் செடியால் வாழ்ந்தும் இருக்கின்றன, செடியால் நொடிந்தும் இருக்கின்றன. 1824இல் ஜோர்ஜ் பேர்ட் கம்பளைக்கருகே சின்னபிட்டியவில் கோப்பித் தோட்டம் தொடங்கினார். அடுத்த அரை நூற்றாண்டுக்குள் காட்டை அழித்து மலையெங்கும் ஒரே செடி நடப்பட்டது. அந்தத் தோட்டங்களில் உழைக்கத்தான் தமிழகத்திலிருந்து நம் முன்னோர் கால்நடையாகக் கூட்டிவரப்பட்டார்கள். 1869இல் இலைத்துரு நோய் தோன்றியது. 1880 முதல் 1882 வரை இங்கே தங்கி அந்த நோயை ஆராய்ந்த தாவரவியலாளர் மார்ஷல் வார்ட், இடைவெளியே இல்லாமல் ஒரே பயிர் பரந்திருந்தது நோய்க்கு வழிவிட்டதை விளக்கினார். கோப்பி அழிந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. ஹேவாஹெட்டையின் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே 19 ஏக்கரில் அதை வணிகமுறையில் நட்டிருந்தார்.

இன்று மதிலோரம் முழுவதும் டுராண்டா மட்டும், அல்லது யூஜீனியா மட்டும் நடும் வழக்கம் பரவியிருக்கிறது. அதே ஆபத்து சிறிய அளவில் இங்கும் உண்டு: ஒரு பூச்சியோ பூஞ்சையோ வந்தால் வேலி முழுவதும் ஒரே மாதத்தில் போய்விடும். மூன்று நான்கு வகைகளைக் கலந்து நட்டால் ஒன்று பட்டாலும் மற்றவை நிற்கும். பூக்கும் காலமும் ஆண்டு முழுவதற்கும் பரவும்.

இரண்டாவது பாடம் பேராதனையிலிருந்து வருகிறது. 1821இல் அலெக்சாண்டர் மூன் தொடக்கிய பேராதனைத் தாவரவியற் பூங்கா இந்த நாட்டுக்குத் தந்த செல்வங்கள் ஏராளம். ஆனால் அழகுக்காக 1826இல் அதன்வழி வந்த உண்ணிச்செடி, இன்று இலங்கையின் மிக மோசமான ஆக்கிரமிப்புத் தாவரங்களில் ஒன்று. பறவைகள் பழத்தைத் தின்று விதையைக் காட்டுக்குள் கொண்டுபோய்விட்டன. மலையோரங்களில் மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும் காட்டுச் சூரியகாந்தியும் அந்த வகையே. அதன் காய்ந்த இலையில் ஏறத்தாழ 3.5 சதவீதம் நைதரசனும் 4 சதவீதம் பொற்றாசியமும் இருப்பதால், வீதியோரம் நிற்பதைப் பூக்குமுன் வெட்டிப் பசளையாக்குவது மிக நல்ல காரியம். வளவுக்குள் நட்டு வளர்க்க மட்டும் வேண்டாம்.

நடும் முறை

தென்மேற்குப் பருவமழை தொடங்கும் மே மாதமும், இடிமழை தொடங்கும் ஒக்டோபரும் நடுவதற்கு உகந்தவை. செவ்வரத்தை, ஆடாதோடை, நொச்சி ஆகியவற்றைப் பென்சில் பருமனில் ஒரு சாண் நீளத் தடிகளாக வெட்டியே வளர்க்கலாம். கிளிசிறிடியாவுக்குப் பெரிய கதியால் போதும். கறிவேப்பிலைக்கும் போவிட்டியாவுக்கும் நாற்றுத் தேட வேண்டும்.

சரிவில் நடும்போது மேலிருந்து கீழாக வரிசை போடக்கூடாது; அந்த வரிசையே தண்ணீருக்கு வாய்க்காலாகிவிடும். சரிவுக்குக் குறுக்காக, ஒவ்வொரு மீற்றர் இறக்கத்துக்கும் ஒரு வரிசை போதும். இரண்டு வரிசைகளை எதிரும் புதிருமாக ஒன்றரை அடி இடைவெளியில் நடுவது நல்லது. தோட்டங்களில் கான் வெட்டிப் பழகியவர்களுக்கு மட்டம் பார்ப்பதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கவ்வாத்தும் அப்படியே. தண்டின் நுனிமொட்டு சுரக்கும் ஒக்சின், கீழேயுள்ள பக்கமொட்டுகளை உறங்க வைத்திருக்கிறது. நுனியைக் கிள்ளியதும் அந்தத் தடை நீங்கி, ஒன்று இருந்த இடத்தில் இரண்டு மூன்று கிளைகள் புறப்படுகின்றன. விட்டால் பத்து மீற்றருக்கு மேல் வளரும் தேயிலை மரத்தை மட்டக்கம்பு வைத்து இடுப்பளவில் நிறுத்தியிருப்பது இந்த விதிதான். வீட்டு வேலிக்கு அடி அகன்றும் தலை சற்றுக் குறுகியும் வெட்ட வேண்டும். தலை அகன்றால் கீழ் இலைக்கு வெயில் கிடைக்காமல் அடி மொட்டையாகிவிடும். மண்ணைக் காப்பது அந்தக் கீழ் இலைகள்தாம். வெட்டிய தழையை எரிக்காமல் அடியிலேயே போடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். அடர்ந்த செடிநிழலில் டெங்கு நுளம்பு பகலில் தங்கும். 2017இல் மட்டும் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு பதிவானது. செடி தானாக நுளம்பை உண்டாக்குவதில்லை. அடியில் கிடக்கும் சிரட்டையும் யோகட் கோப்பையும்தான் உண்டாக்குகின்றன. ஆகவே வாரம் ஒருமுறை வேலியடியைப் பார்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். அடுத்தது, அரளியின் எல்லாப் பகுதிகளும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது வேண்டாம்.

மண்ணைக் காப்பதற்கென்று 1951இலேயே இந்த நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு வீட்டின் பின்புறத்துக்கும் வந்து மண்ணைப் பிடித்து நிற்கச் சட்டத்தால் முடியாது. கண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் சரிவில் வாழும் ஒவ்வொருவரும் அடுத்த மழைக்கு முன் தம் வளவில் வெறுமையாகக் கிடக்கும் ஒரு துண்டு மண்ணைத் தெரிவுசெய்து, அதில் ஒரு வெட்சி, ஓர் ஆடாதோடை, ஒரு கறிவேப்பிலை என மூன்று வகைகளையாவது நடவேண்டும். செலவு சொற்பம், தடிகளை அயல்வீட்டில் கேட்டால் தருவார்கள். இரண்டு மழைக்காலம் கடந்ததும் உங்கள் மண் உங்கள் காணியிலேயே நிற்கும்.